அளவில் சேராத மாவு

ஜனவரி 12

என் பட்டதாரித் தங்கச்சிக்கு,

அக்கா எழுதுறேன். இங்க எல்லாரும் சுகம்னு எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனா ஒருத்தியைத் தவிர எல்லாரும் சுகம். அம்மாவோட முழங்கால் வலி எப்படி இருக்கு? அப்பாவுக்கு இருமல் விட்டுச்சா?

அந்த ஒருத்தி என் மகதான். அவ பிறந்தப்ப அப்பா கையில வாங்கிப் பார்த்துட்டு, "நல்லா உப்பி வந்திருக்கா"ன்னு சொல்லி, பன்னுன்னு பேரு வச்சாரே, ஞாபகம் இருக்கா? இப்பப் பார்த்தா அந்தப் பேரைச் சொல்லவே வாய் வராது. ஆறு மாசமா வயிறு மட்டும் ஊதி, கையும் காலும் குச்சியாப் போச்சு. எந்நேரமும் சுருண்டு படுத்தே கிடக்கா. ரத்தம் எடுத்துப் பார்த்ததுல கோதுமை அவ குடலுக்கு ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். மைதா, ரவை, ரொட்டி, பிஸ்கட், கேக் எதுவும் ஒரு துணுக்குகூட உள்ள போகக்கூடாதாம். கொஞ்ச நாளைக்கு இல்ல, காலம் முழுக்க. ஆறு வயசுப் பிள்ளை, எடை பதினாலு கிலோ எண்ணூறு. மே கடைசிக்குள்ள எடை ஏறலேன்னா பெரிய ஆஸ்பத்திரியில சேர்த்து, மயக்க மருந்து கொடுத்து, வயித்துக்குள்ள குழாய் விட்டுப் பார்க்கணுமாம். அந்தக் குழாயைப் படத்துல காட்டினார். நான் பார்க்கலை. உன் அத்தான் பார்த்தார்.

பேக்கரி மாஸ்டரோட பேத்திக்குக் கோதுமை ஆகலைன்னா யாருகிட்டப் போய்ச் சொல்ல? சோறு வச்சா தட்டைத் தள்ளுறா. "தாத்தா கேக் குடு"ன்னு அதே பாட்டு. நீ அப்பாகிட்டக் கேளு. அவரோட வெண்ணெய் கேக்கைக் கோதுமை இல்லாம, வீட்டுல இருக்கற சின்ன ஓவன் அடுப்புல பண்ண வழி இருக்கா? போன்ல வேண்டாம். இங்க போன் கூடத்துல இருக்கு, எடுத்தா நாலு பேர் காது நீளும். அப்பாவும் போன்ல பேசினா கத்துவாரே தவிர அளவு எதுவும் காதுல ஏறாது. நீ எழுது. உன் எழுத்துதான் அச்சடிச்ச மாதிரி இருக்கும்.

சீக்கிரம் எழுது.
உன் அக்கா


ஜனவரி 24

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை அம்மா என்னை மூன்று முறை படிக்கச் சொன்னாள். முழங்கால் முன்னைவிடப் பரவாயில்லை. அப்பாவின் இருமல் நின்றுவிட்டது. அத்தானும், துணி தைத்துத் தைத்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளும் உன் நாத்தனாரும் சுகந்தானா?

அப்பா வேலை முடிந்து மத்தியானம் வந்து குளித்த பிறகுதான் அவருக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, ரொட்டிகூடவா என்று மட்டும் கேட்டார். ரொட்டிகூடத்தான் என்றேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். ஒரு மணி நேரம் கழித்து எழுந்து வந்து என் நோட்டைக் கேட்டார். அவருக்கு எழுத வராது என்பது அப்புறம்தான் அவருக்கே ஞாபகம் வந்தது. நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டு நடந்துகொண்டே சொன்னார்.

பத்துக் கிலோ மாவு, பத்துக் கிலோ வெண்ணெய், பத்துக் கிலோ சர்க்கரை, இருநூறு முட்டை. ஒரு குழந்தைக்கா இருநூறு முட்டை என்று கேட்டேன்.

"வகுத்துக்கோ. அதுக்குத்தானே படிச்ச" என்றார்.

நாற்பதால் வகுத்திருக்கிறேன். அரிசி மாவு இருநூறு கிராம், மரவள்ளிக்கிழங்கு மாவு ஐம்பது கிராம், வெண்ணெயும் சர்க்கரையும் இருநூற்றைம்பது கிராம், முட்டை ஐந்து. அரிசி மாவு தனியாக நின்றால் உதிருமாம், கிழங்கு மாவு அதைப் பிடித்துக்கொள்ளுமாம். வெண்ணெயும் சர்க்கரையும் வெளுத்துப் பொங்கும்வரை அடிக்க வேண்டும். முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். அடுப்பு நூற்றெழுபது டிகிரி, நாற்பது நிமிடம்.

இன்னும் விவரமாகச் சொல்லச் சொன்னேன். மீதியெல்லாம் அவள் கைக்குத் தெரியும் என்று முடித்துவிட்டார். தெரியும்தான். பத்தாவதோடு நின்று, ஒன்பது வருடம் அவர் பக்கத்தில் நின்று வேலை செய்தவள் நீ. என்னை அந்தப் பேக்கரி வாசற்படி ஏறவே விட்டதில்லை, புத்தகத்தில் மாவு படியும் என்று. அதனால் அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதுவதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது.

பன்னுவுக்குச் சித்தியின் முத்தம். எடை பார்க்கும்போதெல்லாம் எழுது.
உன் தங்கை


பிப்ரவரி 9

தங்கச்சிக்கு,

எல்லாரும் நலம். இந்தத் தடவை யாரையும் தவிர்க்காம எழுதுறேன்.

முதல் கேக் கதையைக் கேளு. அரைச்ச மாவு நறநறன்னு, பல்லுல மணல் மாட்டின மாதிரி இருந்துச்சு. கொத்தனார் வீட்டுக்கு வாக்கப்பட்டா சும்மா இருப்பாங்களா? உன் அத்தான் ஒரு துண்டை வாயில போட்டுட்டு, இதுல கொஞ்சம் சிமெண்ட் சேர்த்தா மாடிச் சுவரைப் பூசிடலாம்னார். பன்னு ஒரு வாய் வச்சுட்டு மரியாதையா என் கையிலேயே துப்பிட்டா. ரெண்டாவது தடவை, கலக்கின மாவை அரை மணி நேரம் மூடி வச்சுட்டு அப்புறம் அடுப்புல வச்சேன். அரிசி தண்ணி குடிக்க நேரம் கேட்கும்னு எனக்கே தோணுச்சு. அப்பாகிட்டச் சொல்லு, அவர் அதைச் சொல்லலை, நான் கண்டுபிடிச்சதுன்னு.

அது வந்துச்சு பாரு. மேல செவந்து, நடுவுல மெத்துன்னு. டின்னைக் கவுத்ததும் ஓரம்கூட ஒட்டாம வழுக்கிக்கிட்டு வந்து தட்டுல உட்கார்ந்துச்சு. பேக்கரியில விட்டுட்டு வந்த கை எங்கயும் போயிடலைன்னு எனக்கு ஒரே சந்தோஷம். பன்னு மூணு துண்டு தின்னுட்டு, நாலாவதை எங்க நாத்தனார் முந்தானையில முடிஞ்சு வச்சுக்கிட்டா, அத்தை காவல் இருக்கணுமாம்.

நேத்து எடை பதினஞ்சு கிலோ முந்நூறு. ஒரு மாசத்துல அரைக் கிலோ. டாக்டர் சிரிச்சார்.

பிஸ்கட்டுக்கு அளவு கேட்டு அனுப்பு. தினமும் கேக் தின்ன முடியுமா?

அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்கா,

நாங்கள் நலம். பன்னுவின் அரைக் கிலோவால் இங்கே எல்லோருமே அரைக் கிலோ ஏறியிருக்கிறோம்.

அப்பா பேக்கரி முழுக்கச் சொல்லிவிட்டார். ரொட்டி ஏற்றிப் போகும் வண்டிக்காரர் என்னை பஸ் நிறுத்தத்தில் பார்த்து, "பாப்பா எத்தனை கிலோ ஆச்சு?" என்று சத்தமாகக் கேட்டார். அங்கே நின்றவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குத் தரைக்குள் போய்விடலாம் போலிருந்தது. பதினைந்து முந்நூறு என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறிவிட்டேன். அது என் பஸ் இல்லை.

நீ கண்டுபிடித்ததை அப்பாவிடம் சொன்னேன். "அதை நானே சொல்லியிருப்பேன், இவதான் அவசரப்படுத்தினா" என்று என் மேல் பழி போட்டார். ஆனால் சாயங்காலம் அம்மாவிடம் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிஸ்கட்டுக்கு அளவு தனித்தாளில் இருக்கிறது. அதில் முட்டையின் மஞ்சள் மட்டும். மாவைத் திரட்டித் தேய்க்க வேண்டாம், உடைந்துவிடும்; உருட்டித் தட்டில் வைத்து அமுக்கினால் போதுமாம்.

எடையை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
தங்கை


மார்ச் 18

தங்கச்சிக்கு,

நலம். வேலை அதிகம், அதான் எழுத நாளாச்சு. பிஸ்கட் நல்லா வந்துச்சு. தினமும் ஒரு டப்பா போடுறேன். பன்னு படம் வரைஞ்சிருக்கா, கடிதத்தோட வச்சிருக்கேன். அதுல அப்பா மாதிரி இருக்கறது அடுப்பு, அடுப்பு மாதிரி இருக்கறது அப்பா. வெயில் இங்க ஆரம்பிச்சிடுச்சு. அம்மாவை மாடிப்படி ஏறவிடாதே.

அக்கா


மார்ச் 25

அன்புள்ள அக்கா,

நாங்கள் நலம். அம்மா மாடிப்படி ஏறுவதில்லை. படம் அப்பாவின் கட்டிலுக்கு மேலே இருக்கிறது. அடுப்பு எது, தான் எது என்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை.

உன் கடிதத்தில் எடை இல்லை.

அப்பாவுக்குப் படிக்கும்போது நானே பதினைந்து எழுநூறு என்று ஒன்றைச் சேர்த்துப் படித்துவிட்டேன். அவர் மறுநாள் வண்டிக்காரரிடம் அதைச் சொல்லியிருக்கிறார். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை, அதனால் இரண்டு நாளாக அவர் முகத்தைப் பார்க்காமல் சாப்பிடுகிறேன்.

நான் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் என்ன செய்கிறேன் என்று நீ ஒருமுறை கேட்டாய். வரும் தாள்களில் எந்தக் கட்டம் காலியாக இருக்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலையில் பாதி. காலிக் கட்டம் எதையாவது சொல்லும். எடை எவ்வளவு, அக்கா?

தங்கை


ஏப்ரல் 6

தங்கச்சிக்கு,

உன் கண்ணுல இருந்து எதையும் ஒளிக்க முடியாதுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். சின்ன வயசுல நான் பிஸ்கட் ஜாடியில கை விட்டா, நீ ஒண்ணும் சொல்லாம ஜாடியையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்ப.

பதினாலு கிலோ அறுநூறு. முதல்ல இருந்ததைவிடக் குறைச்சல். வயிறு மறுபடி ஊதிடுச்சு. மார்ச் மாசமே இறங்கிடுச்சு, அடுத்த வாரம் ஏறிடும், அடுத்த வாரம் ஏறிடும்னு உனக்கு எழுதாம இருந்தேன்.

டாக்டர் மூணு தடவை கேட்டார், வீட்டுல யாராவது தெரியாம கோதுமை கொடுக்கறீங்களான்னு. வீட்டுல ஒரு சிட்டிகை மைதா கிடையாதுன்னு சத்தியம் பண்ணினேன். எங்களுக்கே ரொட்டி வாங்கறதில்லை. அப்போ வெளியில இருந்துதான் வருதுன்னார். மே கடைசி, மறந்துடாதீங்கன்னு சொன்னார். பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டும் எழுதிக் கொடுத்துட்டார்.

வெளியில இருந்துன்னா யாரு? பன்னு பள்ளிக்கூடம் விட்டதும் நேரா அவ அத்தையோட தையல் கடைக்குத்தான் போவா. அங்க பக்கத்துலயே மிட்டாய்க் கடை. பிள்ளை இல்லாத மனுஷி, பாசத்துல கொடுத்திருப்பாங்கன்னு எனக்குத் தோணுச்சு. தோணினதை மனசுல வச்சுக்கத் தெரியாதே எனக்கு. கேட்டுட்டேன். கேட்ட விதமும் சரியில்லை. "நீங்க பெத்திருந்தா கொடுத்திருக்க மாட்டீங்க"ன்னு சொல்லிட்டேன்.

அவங்க துணியை மடிச்சுப் பெட்டியில வச்சாங்க, கடைக்குப் போயிட்டாங்க. பன்னெண்டு நாளா கடைக்குப் பின்னாடி அறையிலதான் இருக்காங்க. உன் அத்தான் என்கூடப் பேசறதே "தண்ணி", "சாவி", அவ்வளவுதான். பன்னு அத்தை எங்கன்னு கேட்டு அழுறா. அழக்கூட அதுக்குத் தெம்பு இல்லை.

இவ்வளவும் பண்ணினேன், அப்புறமும் எடை ஏறலை. நேத்து எடுத்த எடைதான் மேல எழுதினது. அவங்க போன பிறகு எடுத்தது.

அக்கா


ஏப்ரல் 17

அன்புள்ள அக்கா,

இதை நீ தனியாக இருக்கும்போது படி. உள்ளே மடித்து வைத்திருக்கும் இன்னொரு தாளைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

பன்னு எதனால் இளைக்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். யாரும் எதையும் ஒளித்துக் கொடுக்கவில்லை.

உன் கடிதங்களை வரிசையாக வைத்துப் படித்தேன். கோதுமையை நிறுத்திய முதல் மாதம் எடை ஏறியது. கேக்கும் பிஸ்கட்டும் தினமும் தின்ன ஆரம்பித்த பிறகுதான் இறங்கியது. அப்படியென்றால் கேக்கில்தான் ஏதோ இருக்கிறது. ஆனால் அளவுச் சீட்டில் கோதுமை இல்லையே. அரிசி மாவு கடையிலேயே கலந்து வந்ததோ என்று நினைத்தேன், ஆனால் நீதான் வீட்டில் அரைக்கிறாய்.

எங்கள் பரிசோதனைக் கூடத்து மேற்பார்வையாளர் அம்மா புதிதாக வருபவர்களிடம் ஒன்று சொல்வார்: செய்ய வேண்டியதை எழுதாதே, செய்ததை எழுது. அப்பா எனக்குச் சொன்னதெல்லாம் செய்ய வேண்டியது. அவர் செய்வதை நான் பிறந்ததிலிருந்து ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை, வீட்டிலேயே அந்தக் கேக்கை ஒருமுறை செய்து காட்டச் சொன்னேன். பார்க்க என்ன இருக்கிறது என்று முனகினார். முப்பது வருடமாக எனக்கு ஒரு கேக் இந்த வீட்டில் செய்து தந்ததுண்டா என்று அம்மா கேட்டதும் எழுந்துவிட்டார். பெரிய பாத்திரத்தில் மணல் பரப்பி, மூடி போட்டுச் சூடேற்றினார். நான் தரையில் நோட்டோடு உட்கார்ந்து அவர் கையை மட்டும் பார்த்தேன். கை கழுவினார். வெண்ணெயை விரலால் அமுக்கிப் பார்த்தார். முட்டையை ஒவ்வொன்றாக உடைத்து மோந்தார். பதினேழு வரி எழுதியிருந்தேன். டின்னை எடுத்து உள்ளே வெண்ணெய் தடவினார். தடவிய கை, முகம் என் பக்கம் திரும்பி ஏதோ பேசிக்கொண்டிருக்கும்போதே, அலமாரிக்குப் போய் அம்மாவின் டப்பாவிலிருந்து ஒரு பிடி எடுத்து டின்னுக்குள் வீசியது. டின்னைச் சுற்றினார், கவிழ்த்து அடியில் இரண்டு தட்டு தட்டினார். பேச்சு நிற்கவே இல்லை.

என் பேனா நின்றுவிட்டது. அது என்ன மாவு என்று கேட்டேன்.

"டின்னுல ஒட்டாம இருக்கத் தூவுற மாவு" என்றார்.

அதுதான் என்ன மாவு என்று மறுபடி கேட்டேன்.

"மைதாதான், வேற எதை..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

நான் ஒன்று கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது. அன்றைக்கு அளவு சொன்னபோது ஏன் இதைச் சொல்லவில்லை என்றேன். டின்னுக்குள் விரலை விட்டு, ஒட்டியிருந்த மாவைத் தடவிப் பார்த்தார்.

"இந்தக் கை என்னைக் கேட்டுக்கிட்டு இதைச் செஞ்சதே இல்லையேம்மா" என்றார்.

அப்புறம் குழாயடியில் போய்க் கை கழுவினார். முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே இருந்தார். அன்றைக்கு யாரும் அந்தக் கேக்கைத் தொடவில்லை.

நீ கல்யாணமாகிப் போகும்போது, மூடியில் துளை போட்ட ஒரு டப்பாவை உன் பெட்டியில் வைத்தாராமே. அது உன் அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிறதா? அதற்குள் என்ன இருக்கிறது, அக்கா? டின்னிலிருந்து ஓரம்கூட ஒட்டாமல் வழுக்கி வந்தது என்று நீ எழுதியபோதே நான் கேட்டிருக்க வேண்டும். வேலை தெரிந்தவர்களுக்கு அது கண்ணில் படாது. தெரியாத நான்தான் கேட்டிருக்க வேண்டும்.

மாற்ற வேண்டியது இவ்வளவுதான்: டப்பாவைத் தூக்கிப் போடு. டின்னையும் பிஸ்கட் தட்டையும் வெந்நீரில் தேய்த்துக் கழுவு, முடிந்தால் புதிது வாங்கு. வெண்ணெய் தடவி, உள்ளே காகிதம் போடு. டாக்டரிடமும் இதைச் சொல்லிக் கேள்.

இனி அந்த இன்னொரு தாள். அதை அத்தானிடமும் நாத்தனாரிடமும் காட்டு. உன்னை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நான் தூரத்தில் இருக்கிறேன், என்னை எவ்வளவு திட்டினாலும் என் காதில் விழாது. ஏன் இப்படி எழுதினேன் என்று மட்டும் கேட்காதே.

தங்கை

(உள்ளே மடித்து வைத்த தாள்)

மதிப்பிற்குரிய அத்தானுக்கும் அண்ணிக்கும் வணக்கம். கேக்குக்கு அளவு சொன்னபோது, டின்னில் கோதுமை மாவு தூவக்கூடாது, காகிதம்தான் போட வேண்டும் என்று அப்பா தெளிவாகச் சொன்னார். அதை எழுத நான் மறந்துவிட்டேன். நான் எழுதியபடியே அக்கா செய்தாள். குழந்தை உடம்பு கெட்டதற்கும், வீட்டில் வந்த மனக்கசப்புக்கும் என் கவனக்குறைவே காரணம். என்னை மன்னிக்க வேண்டும்.


மே 4

தங்கச்சிக்கு,

எடையை முதல்ல சொல்லிடறேன், அப்புறம்தான் உனக்கு மத்தது ஓடும். பதினஞ்சு கிலோ நூறு. வயிறு வடிய ஆரம்பிச்சிடுச்சு.

உன் கடிதத்தை அடுப்புக்குப் பக்கத்துல நின்னுதான் படிச்சேன். டப்பான்னு நீ எழுதின இடத்துல தலையைத் தூக்கினா, எதிர்ல ஆணியில தொங்குது. வீட்டுல மைதா இல்லைன்னு நான் பண்ணின சத்தியம் பொய் இல்லைடி. எனக்கு அது மாவே இல்லை. கரண்டி, இடுக்கி மாதிரி அதுவும் அடுப்போட ஒரு சாமான். அதுக்குள்ள இருக்கறது தின்கிற பொருள்னு என் புத்திக்கு ஒரு நாளும் எட்டலை. ஆனா மாவு தீர்ந்தா எங்க வாங்கிப் போட்டேன்னு கேட்பியே. டாக்டர் சொன்னதுக்கப்புறம் அது தீரவே இல்லை. கல்யாணத்தப்ப அப்பா நிரப்பிக் கொடுத்ததுக்கு மேல, போன வருஷம் ஒரு தடவை நிரப்பினேன், அவ்வளவுதான். அதுல பாதி இன்னும் இருந்துச்சு. தினமும் என் கையாலேயே பிள்ளைக்குத் தூவிக் கொடுத்திருக்கேன்.

ரெண்டு தாளையும் எடுத்துக்கிட்டு டாக்டர்கிட்டப் போனேன். தட்டுல ஒட்டினதே போதும்னார்.

அங்க இருந்து நேரா தையல் கடைக்குப் போனேன். உன் இன்னொரு தாள் என் பர்ஸ்ல இருந்துச்சு. வழியெல்லாம் அதை எப்படிக் காட்டறதுன்னுதான் யோசிச்சுக்கிட்டே போனேன். நல்லாத்தான் எழுதியிருந்த, நானே நம்பிடுவேன். போய் நின்னா நாத்தனார் நிமிரலை, மிஷினை மிதிச்சுக்கிட்டே இருந்தாங்க. ஒரு சட்டைக் கை முழுசும் தைச்சு முடிச்சாங்க. பர்ஸைத் திறக்கப் போனேன். அந்த மனுஷி கிட்டத்தட்ட ஒரு மாசமா தரையில படுத்திருக்காங்க, நான் தங்கச்சி பின்னாடி ஒளிஞ்சுக்கறதான்னு ஆயிடுச்சு.

"அண்ணி, கொடுத்தது நான்தான். என் கைதான்"னு சொன்னேன். டப்பா கதை முழுசையும் ஒரே மூச்சுல சொல்லி முடிச்சேன்.

மிஷின் நின்னுச்சு. அவங்க கேட்டது என்ன தெரியுமா? டப்பாவைத் தூக்கிப் போட்டாச்சான்னு. போட்டாச்சுன்னேன். கை கழுவினியான்னாங்க. கழுவினேன்னேன். அதுக்கப்புறம்தான் அழுதாங்க.

"ஒரு மிட்டாய்கூடக் கொடுக்கலை. கொடுக்கணும்னு தினமும் ஆசையா இருந்துச்சு, கொடுக்கலை"ன்னாங்க.

துணிக்கு நடுவுல உட்கார்ந்து நானும் அழுதேன். சட்டை வாங்க வந்த ஆள் வாசல்லயே ஒரு நிமிஷம் நின்னு பார்த்துட்டு, அப்புறம் வரேன்னு போயிட்டார்.

கண்ணைத் துடைச்சதும் டின்னோட அளவு என்னன்னு கேட்டாங்க. விரலை விரிச்சுக் காட்டினேன். அதெல்லாம் அளவான்னு திட்டிட்டு, டேப்பைக் கழுத்துல போட்டுக்கிட்டு என்கூடவே வீட்டுக்கு வந்து டின்னை அளந்தாங்க. துணி வெட்டறதுக்கு அளவு வரையற பழுப்புக் காகிதம் இருக்கில்ல, அது வேண்டாம், அழுக்குன்னு பட்டர் பேப்பர் வாங்கிட்டு வரச் சொன்னாங்க. அடிக்கு ரெண்டு டஜன் வட்டம், சுத்திவர ஓரத்துக்கு ஒரு பட்டி, சட்டைக் காலர் வெட்டற மாதிரி சுருக்கம் இல்லாம வெட்டி அடுக்கிட்டாங்க. இப்ப நான் கேக் செய்யறப்ப ஸ்டூல் போட்டு உட்கார்ந்து என் ரெண்டு கையையும் பார்த்துக்கிட்டே இருக்காங்க. உன் அத்தான் "தண்ணி"யில இருந்து "தண்ணி கொடேன்" வரைக்கும் வந்துட்டார்.

உன் தாளை அடுப்புல போட்டுட்டேன். ஏன் எழுதினேன்னு கேட்காதேன்னு சொன்ன, கேட்கலை. எனக்குத் தெரியாதா? ஆனா நான் பள்ளிக்கூடத்தை விட்டது, நீ பின்னாடி என் பழியைத் தூக்கிக்கணும்னு இல்லை. அப்போ நம்ம வீட்டுல ஒருத்திதான் படிக்க முடியும். எனக்குக் கணக்குன்னா காய்ச்சல் வரும், உனக்கு வராது. இனிமே என் தப்பை நான் வச்சுக்கறேன், உன் மூளையை நீ வச்சுக்கோ. அதுதான் எனக்கு உதவும்னு இப்பத் தெரிஞ்சுபோச்சே.

அப்பாவை நினைச்சாத்தான் கவலை. எப்படி இருக்கார்?

அக்கா


மே 13

அன்புள்ள அக்கா,

நலம். இந்த வார்த்தையை இந்த முறை யோசிக்காமல் எழுத முடிகிறது.

அப்பா மூன்று வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. உனக்கு எழுத வேண்டாம் என்று அம்மா சொன்னதால் எழுதவில்லை. உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். பதினைந்து கிலோ நூறு என்றதும், நிஜமாகவே அப்படி எழுதியிருக்கிறதா, இல்லை நீயே படிக்கிறாயா என்று என்னைக் கேட்டார். மார்ச்சில் நான் சொன்ன பொய்யை அவர் அப்போதே கண்டுபிடித்திருக்கிறார். தாளை வாங்கி அந்த எண்ணை விரலால் தொட்டுத் தானே படித்தார். எண் அவருக்குப் படிக்க வரும். அப்புறம் அம்மாவிடம் தட்டைக் கேட்டார்.

ரொட்டிக்கு அளவு சொல்லியிருக்கிறார். அரிசி மாவில் கால் பங்கைத் தண்ணீரில் கூழாகக் காய்ச்சி ஆறவைத்து, மீதி மாவோடு சேர்த்துப் பிசைந்தால் கோதுமையின் இழுவை கொஞ்சம் கிடைக்குமாம். ஆனால் சீட்டைப் பார்த்துப் பயந்துவிடாதே, நான்கு பக்கம் இருக்கிறது. இப்போது ஒன்றையும் விடாமல் சொல்கிறார். முதல் வரி, "அடுப்படிக்குப் போ." அதை எழுத வேண்டுமா என்று கேட்டேன். "எழுது. உனக்கென்ன தெரியும்" என்றார். மூன்றாம் பக்கத்தில் அடுப்பின் கதவைத் திறப்பது மட்டும் இரண்டு வரி.

மே முப்பதாம் தேதி டாக்டரிடம் போய் வந்ததும் எழுது. அதுவரை வண்டிக்காரரிடம் ஒன்றும் சொல்வதில்லை என்று நானும் அப்பாவும் பேசி வைத்திருக்கிறோம்.

அண்ணிக்கு என் வணக்கத்தைச் சொல். நிஜமான வணக்கம்.
தங்கை


ஜூன் 14

தங்கச்சிக்கு,

குழாய் வேண்டாமாம். டாக்டர் அந்தச் சீட்டை என் கையில இருந்து வாங்கி, குறுக்கால ஒரு கோடு போட்டுட்டார். உடனே எழுதணும்னுதான் இருந்தேன். ஆனா கோட்டை மட்டும் நம்ப எனக்குத் தைரியம் வரலை, இன்னும் ரெண்டு வாரம் பார்த்துட்டு எழுதலாம்னு காத்திருந்தேன். திட்டாதே. நேத்து எடை பதினாறு கிலோ முந்நூறு. எங்க நாத்தனார் பாவாடையை ரெண்டாவது தடவை இடுப்புல பிரிச்சுத் தைச்சிருக்காங்க. ரொட்டி மூணாவது தடவையில உப்பி வந்துச்சு. நாலு பக்கத்தையும் அவங்க உரக்கப் படிக்கப் படிக்கத்தான் செஞ்சேன். கதவைத் திறக்கற ரெண்டு வரியை மட்டும் ரெண்டு தடவை படிச்சாங்க.

இன்னொரு சமாச்சாரம். இன்னைக்குப் பள்ளிக்கூடத்துல இருந்து டீச்சரே வீட்டுக்கு வந்துட்டாங்க. ஈரக் கையோடவே வாசலுக்கு ஓடினேன். புகார் சொல்ல வந்திருக்காங்க. பன்னு வகுப்புல ஒரு நிமிஷம் உட்காரமாட்டேங்கறாளாம். மேஜை மேல ஏறிக் குதிக்கறாளாம். பக்கத்துப் பிள்ளையைத் துரத்திக்கிட்டு ஓடினதுல தண்ணிக் குடம் உடைஞ்சுபோச்சாம். வீட்டுல கொஞ்சம் கண்டிச்சு வைங்கன்னாங்க. நான் தலையை ஆட்டிக்கிட்டே நிக்கறேன், சிரிப்பு அடங்கலை. உள்ள இருந்து நாத்தனார் ஓடி வந்து, எவ்வளவு தூரம் ஓடினா டீச்சர், இன்னொரு தடவை சொல்லுங்கன்னு கேட்கறாங்க. டீச்சருக்கு எங்க மேல சந்தேகமே வந்துடுச்சு. ரெண்டு துண்டு கேக்கைத் தின்னுட்டு, நல்லா இருக்குன்னு சொல்லிட்டு, கோபம் குறையாமலே போனாங்க.

அம்மாவைக் கேட்டதாச் சொல்லு. அப்பாவுக்குப் படிக்கறப்ப இந்தப் புகாரை முதல்ல படி, எடையை அப்புறம் சொல்லு.

உன் அக்கா